நாளைக்காரரின் மேஜை

புரோகிராம் எழுதும் அவளுக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை புரோகிராம் நேராகத் திறக்கக் கூடாது, நடுவில் இடைத்தரகர் மாதிரி ஒரு லேயர் வைத்து அதனிடம்தான் கேட்க வேண்டும் என்பார் அவர்.

“நாளைக்கு ஃபைல் வேற இடத்துக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?”

“போகும்போது பாத்துக்கலாம். ஒரே இடத்துல இருக்கிறதுக்கு எதுக்குங்க லேயர்?” என்று சீறுவாள். அவருக்கு ‘நாளைக்காரர்’ என்று பட்டம் வைத்ததே அவள்தான். டீ ஆறிப்போகும், சண்டை ஓயாது.

அவர் வேறு வேலை கிடைத்துப் போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த வாரம் பாதி ஃபைல்கள் வாடகை சர்வருக்கு மாறின. மீதி டிஸ்க்கிலேயே இருந்தன. இனி லேயர் இல்லாமல் முடியாது. அவளே உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்த கையோடு, பழக்கதோஷத்தில் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினாள்.

“ரொம்பத் துள்ளாதீங்க. அன்னைக்கு எல்லாம் ஒரே இடத்துலதான இருந்துச்சு, நான் சொன்னதும் சரிதான்!”

அங்கே இருந்த புதுப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்.”

“இல்லம்மா,” என்றாள் அவள். “ஒரே ஒரு தடவை தப்புன்னு சொல்லேன்.”