மகாராணிக்கு வந்த வெள்ளைப் புள்ளி

“இதுல தெளிவா இருக்கா... இதுலயா?” என்று கேட்டுக்கொண்டே, வந்தவரின் மூக்கில் மாட்டிய சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். பதில் வரும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். இருபத்தைந்து வருடமாக இதே கேள்வி. கடைத் தெருவில் அவருக்குப் பெயரே ‘தெளிவு’ என்று ஆகிவிட்டது. அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஏனென்றால் கடையை விட்டு இறங்கினால் மனிதருக்கு எதிலும் தெளிவு கிடையாது.

வீட்டில் அவருக்கென்று இருப்பது கூடத்து ஜன்னலோரம் ஒரு நீளத் தொட்டி, குளியலறையில் ஆறு வாளி. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். எது நேற்றைய வாளி, எது முந்தாநாள் வாளி என்பதில் தினமும் குழப்பம். ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்துவிட்டு, “இதுதானே முந்தாநேத்து பிடிச்சது?” என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மாள் தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கிறவர். பொட்டலத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பைக்கு என்று தூக்கிப் போடுகிற கை. “அது நான் துணி அலச வச்ச தண்ணிங்க,” என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தொட்டியில் இரண்டே தங்கமீன்கள். நீண்ட வால் பின்னால் புரள மிதப்பாக வருவது மகாராணி. குட்டை வாலும் உருண்டை உடம்புமாகப் பின்னாலேயே திரிவது மாப்பிள்ளை. பெயர் வைத்தது அவர்தான். இவ்வளவு பகட்டான வால் பெண்ணுக்கன்றி யாருக்கு என்பது அவர் வாதம். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரியே ‘ஹா’ என்று ஊதித் தொட்டியைத் துடைத்துவிட்டு, முகத்தை ஒட்ட வைத்து நெடுநேரம் பார்ப்பார். ஏழு வருடமாக ஒரு குஞ்சுக்காகக் காத்திருக்கிறார். கடைகளில் எத்தனையோ குஞ்சுகள் கிடைக்கும். அவருக்கு இந்த இரண்டின் குஞ்சுதான் வேண்டும்.

அதற்குத் தடையாக வருடா வருடம் ஒரு கண்டம். குளிர் விலகி வெயில் தலைகாட்டும் சமயத்தில் மகாராணியின் கன்னத்தில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி கிளம்பும். அவர் பதறிப்போய் மகாராணியைத் தனி வாளிக்கு மாற்றி, பிடிப் பிடியாக உப்பைப் போட்டு வைத்தியம் பார்ப்பார். அதே சமயத்தில் மாப்பிள்ளைக்கு வயிறு பெருக்கும். தின்று தின்று வந்த தொப்பை என்று அவனுக்குப் பட்டினி. இரண்டு மாதத்தில் புள்ளியும் மறையும், தொப்பையும் வற்றும். “நான் மட்டும் கவனிக்கலன்னா ரெண்டும் போயிருக்கும்,” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இந்த வருடமும் புள்ளி வந்தது. உப்பும் போட்டாயிற்று. நாலாம் நாள் கடைக்கு வந்த பெண்மணி வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவர். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கேட்டார். எழுத்துப் பலகைக்குப் பதிலாகத் தன் கைபேசியில் மகாராணியின் படத்தை நீட்டி, “புள்ளி தெரியுதாம்மா?” என்றார் நம்மவர்.

“நல்லாத் தெரியுதுண்ணே. மாப்பிள்ளைக் களை அப்படியே சொட்டுது.”

“மாப்பிள்ளை வேறம்மா. இது மகாராணி. சீக்கு.”

“சீக்குமில்ல, ராணியுமில்ல. ஆம்பள மீனுக்குத்தான் ஜோடி சேர்ற சமயத்துல செவுளு மேல இப்படிப் பூக்கும். பொட்டை எங்க?”

அவர் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினார். பட்டினியைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சொன்னார்.

“அது தொப்பையில்லண்ணே, முட்டை. சினைக்காரியைப் பட்டினி போட்டிருக்கீங்க. உப்பு வேற பிடிப் பிடியாவா? பெரிய மீனுங்கறதால தாங்குச்சு. குஞ்சு குளுவான்னா ஒண்ணு மிஞ்சாது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “வயசு என்ன?”

“ஏழு.”

“இந்தத் தடவை விட்டா இனிமே முட்டை வைக்கிறது சந்தேகம்தான்.”

ஏழு வருடமாகக் குறுக்கே நின்ற கண்டம் தான்தான் என்பது அவருக்கு உறைக்க நேரமாயிற்று. மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து மகாராணியைத் தொட்டிக்குத் திருப்பி விட்டார். “அவளைச் சேர்த்துட்டேன்... இல்ல, அவனை... அதை,” என்று மனைவியிடம் திணறினார். “பேரை மாத்தி வச்சிடுங்களேன்,” என்றார் அந்த அம்மாள். “ஏழு வருஷமா கூப்பிட்ட பேரு. கோவிச்சுக்காது?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

தன் பழைய பச்சை ஸ்வெட்டரைப் பிரித்து, முட்டை ஒட்டிக்கொள்ள நூலைக் கொத்தாக முடிந்து தொட்டியில் தொங்கவிட்டதும் அந்த அம்மாள்தான். ஐந்தாம் நாள் விடியும்போது கூடமெல்லாம் தண்ணீர் தெறித்தது. மகாராணி விரட்ட, மாப்பிள்ளை நூலுக்குள் புகுந்து புகுந்து ஓடியது. காலைக் காபி நேரத்துக்குள் பச்சை நூல் முழுக்கக் கடுகளவு முட்டைகள். பெற்றதுகளே தின்றுவிடும் என்று மீன் கடைப் பெண்மணி சொல்லியிருந்ததால், நூலை மட்டும் எடுத்துத் தனித் தொட்டியில் போட்டார்கள்.

மறுநாள் பாதி முட்டை பாலாக வெளுத்துப் போயிற்று. செத்தது மற்றதைக் கெடுப்பதற்குள் பொறுக்க வேண்டும். கண்ணாடித் திருகாணியைப் பிடிக்கும் குட்டிக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடித்து, “இது தெளிவா இருக்கா... இது?” என்று மனைவியையே கேட்டுக்கேட்டுப் பொறுக்கினார். தன் கண்ணை நம்ப அவருக்கு இப்போது பயம்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்த அம்மாள், சமையலறையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மறு கையில் உப்பு டப்பாவுமாகத் தொட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார் கணவர்.

“நில்லுங்க. என்ன ஆச்சு?”

“புள்ளி. இப்ப கறுப்பா. ஒரு முட்டை விடாம எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு.”

அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்தார். வழிமறித்து நின்று, பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு முட்டையாகக் கண்ணாடியை நகர்த்தினார். பிறகு நிமிர்ந்தார்.

“கண்ணுங்க,” என்றார். “ரெண்டு ரெண்டு கண்ணு. உங்களையே பாக்குது.”

அவர் தொட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூடியை இறுக்கித் திருகி, உப்பு டப்பாவை இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார்.