இரண்டு ஊசிமலை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரயில் மேடையில் படுத்துப் பழகியவனுக்குக் குளிருக்கும் பசிக்கும் பயப்படத்தான் நேரம் இருக்கும். இதையும் வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீங்கள் சிரித்தாலும் கோபமில்லை.

எங்கள் மலைகளுக்கு இரண்டு பெயர். துரைமார் காகிதத்தில் எழுதுவது ஒன்று, நாங்கள் வாயால் சொல்வது ஒன்று. காகிதப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போடும்போது பிறந்த இடம் கேட்டால் முழிப்போம். உச்சியில் கூரான பாறை இருந்தால் எங்களுக்கு அது ஊசிமலை, அவ்வளவுதான். லிந்துலைப் பக்கம் ஓர் ஊசிமலை உண்டு. கண்ணுக்கெட்டிய வரை தேயிலை, பாதி நாள் மூடுபனி. என்னை வளர்த்த அக்கா செல்லம்மாவை அங்கேதான் கட்டிக்கொடுத்தது. நான் ஊர் ஊராகச் சுற்றியதில் அவளைப் பார்த்து நாலு வருஷமாகியிருந்தது.

நானுஓயா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு லொறிக்காரர் வந்து, "ஊசிமலையில ஒங்க அக்கா ரொம்ப முடியாம கெடக்காங்க, ஒடனே வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா குடியிருந்த லயத்து வீட்டுக்குக் குறுக்கு வழியென்று மலையில் ஏறினால் பனி மூடிக்கொண்டது. நீட்டின கை தெரியவில்லை. அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. "பொளி, பொளி."

கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது பெண்கள் முதல் கொழுந்தைக் கூடையில் போட்டு, நிறைய வரவேண்டுமென்று 'பொலி, பொலி' என்பார்கள். என் அக்காவுக்கு மட்டும் நாக்கு புரளாமல் 'பொளி' என்றுதான் வரும். அதைச் சொல்லிச் சொல்லியே மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். நம்பினால் நம்புங்கள், அது அவள் குரல்தான். வேலைக்கே வந்துவிட்டாளா, உடம்பு தேறிவிட்டதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா! வழி தெரியலக்கா! நீ இங்க வாக்கா!"

குரல் நின்றது.

பனிக்குள்ளிருந்து வந்தது தோட்டத்துக் காவல்காரர். "யாருய்யா அது, கவ்வாத்து மலையில கத்துறது?"

"எங்க அக்கா மேல கொழுந்து எடுக்குதுங்க."

"இதுலயா? வெட்டி ஒரு மாசமாச்சு. ஒரு எல இருந்தா எங்க வீட்டு ஆடு விட்டிருக்குமா?"

பனி கொஞ்சம் விலகியது. மலை முழுக்கக் கவ்வாத்துக்காக இலையோடு வெட்டிவிட்ட தேயிலைக் குச்சிகள்தான். அக்கா பெயரைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடசாமி பொஞ்சாதியா? அவங்க வலப்பனைப் பக்கத்து ஊசிமலைக்கு மாறிப்போயி மூணு வருசமாச்சே. தம்பி ஒருத்தன் ஊரச் சுத்துறான்னு அந்தப் புள்ள சொல்லும். நீதானா அந்த மகராசன்?"

அங்கேயும் ஓர் ஊசிமலை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திரும்பி ஓடினேன். பஸ்ஸும் நடையுமாக, வயல்கள் படிப்படியாய் இறங்குகிற அந்த வறண்ட பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் பொழுது சாய்ந்திருந்தது. அடக்கம் முடிந்து ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. "நேத்து மூணு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா. திடீர்னு, 'தம்பி கூப்புடுறான், வழி தெரியலையாம். இந்தா வர்றேன்டா'ன்னு எந்திரிச்சா மாப்ள. அப்படியே சாஞ்சிட்டா."

அவள் காதில் விழுந்தது எது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் காவல்காரரை லிந்துலைக் கடைத்தெருவில் பார்த்தேன். அக்காவைப் பற்றி நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, அன்னிக்கு ஒன்கூட வேற யாரும் வந்தாங்களா? நீ போன பெறகு, பொழுது எறங்குற வரைக்கும் அந்தக் கவ்வாத்து மலையில ஒரு பொம்பளக் கொரலு, 'தம்பி, தம்பி, எங்கடா இருக்கே'ன்னு சுத்திச் சுத்திக் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சே."