பிலோமினா அக்கா ஒப்புக்கொடுத்த வலி

நான் பேகம்பேட் அலுவலகத்தில் இருந்தபோது பிலோமினா அக்காவின் கணவர் அழைத்தார். "முடிஞ்சிருச்சும்மா" என்றார். அடக்க நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்தார்.

தூத்துக்குடியிலிருந்து வந்து குகட்பள்ளியில் குடியேறிய அக்கா, எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் கூடிச் செபிக்கும் அன்பியத்தை நான் நடத்திவருகிறேன். மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்த நாட்களில் அவர் கணவருக்கு வேலை போயிற்று. அப்போதுதான் அக்காவுக்கு இடுப்பு வலியும் தொடங்கியது. ஒரு நாள் செபம் முடிந்து, சுவரைப் பிடித்தபடி எழுந்தவர் என்னிடம் வலியைச் சொன்னார். நான் செபமாலைகளை எடுத்துவைத்துக்கொண்டே, "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கக்கா" என்றேன். நம் வலியை இயேசுவின் பாடுகளோடு சேர்த்து இன்னொருவருக்காக அளிப்பது எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

அக்கா கணவரின் வேலைக்காக ஒப்புக்கொடுத்தார். ஏழெட்டு மாதத்தில் வேலை கிடைத்தது. வலி போகவில்லை. மருத்துவரிடம் போகலாம் என்று கணவர் அழைத்தபோதெல்லாம் சாக்குச் சொன்னார். ஒருமுறை படியில் பாதி வழியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா, ரெஜி?" என்றார்.

அதைப் பெரிய விசுவாசம் என்று அன்பியத்தில் எடுத்துச் சொன்னேன்.

கால் மரத்துப்போன பிறகுதான் பரிசோதனைக்குப் போனார். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் செய்வதற்கு நிறைய இருந்திருக்கும் என்றார் மருத்துவர். மகள் பள்ளி விட்டு வந்ததும் கட்டிலருகே நின்று, "அம்மா, நொப்பி தக்கிந்தா?" என்று தெலுங்கில் கேட்பாள். வலி குறைந்துவிட்டதாக அக்கா தமிழில் பொய் சொல்வார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மறுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"ஒப்புக்கொடுக்கது தப்பில்ல. இப்பவும் கொடுக்கேன். ஆனா இனி யாராவது வலிக்குன்னு சொன்னா, முதல்ல எங்க வலிக்குன்னு கேளு."

கடைசியாகப் பார்த்த அன்று அவருக்குப் பேச்சில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். என் கையைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். செவிலி ஊசியோடு வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா. வரும் ஞாயிறு அன்பியம் கூடும்போது, நான் எழுதிய இதை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசிப்பேன்.