கோஸ் தோட்டத்துக் குளவிகள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தேவர்சோலைப் பக்கம் எஸ்டேட் வேலை, குன்னூரில் லாட்ஜ் வேலை, மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை என்று மாறிக்கொண்டே இருந்தேன். கேத்திக்கு வந்ததும் அப்படித்தான். ஒரு கணவனும் மனைவியும் குத்தகைக்கு எடுத்திருந்த முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். சாப்பாடும், உரமூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில் படுக்க இடமும் கொடுத்தார்கள். கொட்டகையில் குளிர் அதிகம். உரத்தின் நெடி அதைவிட அதிகம்.

அந்த வீட்டுக்காரருக்குப் பூச்சி மருந்து ஆகாமல் போயிருந்தது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அடித்தவர். கை நடுங்கும், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், ஏறுவழியில் நான்கு எட்டு வைத்தால் நின்றுவிடுவார். இனி மருந்துப் பக்கமே போகக் கூடாது, போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோஸைத் தவிர வேறு பிழைப்பு அவர்களுக்குத் தெரியாது. மருந்தில்லாமல் கோஸ் வருமா என்பதுதான் அந்த வருஷம் அந்த வீட்டின் ஒரே கேள்வி.

தோட்டக்கலை படித்த ஒரு பெண் குளவி கொண்டுவந்து கொடுத்தார். குளவி என்றதும் கொட்டகைக் கூரையில் மண் கூடு கட்டுமே, அதுதான் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது. மூடியில் வலை கட்டிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிற்பதும் பறப்பதுமாக இருந்தன. கொட்டாது. கோஸ் இலையைச் சல்லடையாக்கும் பச்சைப்புழுவைத் தேடிப்போய் அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு அதன் பிறகும் சில நாள் தின்னும், நெளியும், தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். உள்ளே குளவிக்குஞ்சு அதைத் தின்றுகொண்டிருக்கும். கடைசியில் அந்துப்பூச்சிக்குப் பதிலாக இன்னொரு குளவிதான் வெளியே வரும். அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். குளவிகள் தேன் குடிக்க வரப்போரம் கடுகு விதைக்கச் சொன்னார். விதைத்தோம்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று சிரித்தார்.

“ஏனுங்க, குளவி வளக்கறீங்களாமா? பால் கறக்குமுங்களா அது?”

“கறந்தா உங்களுக்கும் ஒரு சொம்பு குடுத்துட்றோங்க,” என்றார் அக்கா. அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இலைக்கு அடியில் சீரகம் போலப் பழுப்பாகச் சின்னக் குளவிக்கூடுகள் தென்பட்டன. அக்கா ஒரு இலையைத் திருப்பிப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். புழு இன்னும் இருந்தது. ஆனால் குருத்து தப்பித்து, இலைகள் உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தன.

அந்தச் சமயத்தில் அக்காவின் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. மழை விடாமல் பெய்த வாரம் அது. ரோடு வரை அவரை முதுகில் தூக்கி வந்தேன். ஜீப்பில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று பேரும் அங்கேயே தங்கிவிட்டோம். தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை.

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் நோவு, சாவு என்று வந்தால் அவர்கள் தோட்ட வேலையை அக்கம்பக்கத்தார் கேட்காமலே செய்துவிடுவார்கள். களை எடுப்பார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள். கூலி பேச மாட்டார்கள், சொல்லிக்காட்டவும் மாட்டார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது வளைவிலேயே மருந்து வாடை அடித்தது. அக்கா நின்றுவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“அம்மிணி, உங்க குளவி ஒண்ணுத்தையும் கிழிக்கலீங்க. இலையத் திருப்புனா புழு அப்படியே நெளியுது. உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. மழ விட்டதும் நானும் எம்பட மச்சானுமா ரெண்டு தரம் அடிச்சு உட்டோம். எங்க ஊட்டு மருந்துதான், நல்ல மருந்து.”

அந்தப் புழுக்களில் பாதிக்கு மேல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவை. அவருக்கு அது தெரியாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைத் தொட்டார்.

“பெரிய உதவிங்கண்ணா,” என்றார். “காபி குடிச்சிட்டுத்தான் போகோணும்.”

அவரும் உட்கார்ந்து குடித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். பிறகு நான் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். கடுகுப் பூவில் ஒரு குளவிகூட இல்லை.

புழு திரும்ப வந்தது. அந்த மருந்துக்கு அது பழகிப்போன புழு. குளவிகள் பழகவில்லை. டப்பா கொண்டுவந்த பெண்ணிடம் மறுபடி குளவி கேட்டோம். இலையில் மருந்து வீரியம் இருக்கும்வரை குளவியை விட்டால் வீண், அடுத்த போகத்துக்குத் தருகிறேன் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் கோஸ் அடுத்த போகம் வரை காத்திருக்காது.

கடையில் வேறு மருந்து வாங்கி நான் அடிக்கிறேன் என்றேன்.

“நீங்க இன்னைக்கு இருப்பீங்க தம்பி,” என்றார் அக்கா. “நாளைக்கு எங்க இருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது. நானே பழகிக்கறேன், காட்டிக் குடுங்க.”

சரியாகத்தான் சொன்னார். கீழ் கோத்தகிரியில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்து வேலைக்கு ஆள் எடுப்பதாக நான் அதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். டேங்கின் வாரை அவர் தோளுக்குத் தக்கபடி குறுக்கிக் கட்டினேன். மருந்து கலக்கும் அளவைக் காட்டினேன். துண்டை மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொன்னேன். அவர் இறங்கிப் போனார்.

வாடை உள்ளே வரக் கூடாது என்று வீட்டின் கதவையும் ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் சாக்கைச் செருகியிருந்தோம். உள்ளேயிருந்து அக்காவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“தம்பி, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

“கீழ இருந்து மேலங்க.”

இருமிவிட்டுச் சொன்னார். “அப்ப மேல இருந்து ஆரம்பிச்சு எறங்கி வரச் சொல்லுங்க. இல்லீன்னா அடிச்ச மருந்துக்குள்ளயே ஏறி வரோணும்.”

நான் ஓடினேன். அக்கா கீழ்வரிசையில் ஆரம்பித்து, பாதித் தோட்டம் ஏறியிருந்தார். துண்டு கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது.