செல்வியின் தலைக்கு ஊற்றிய தண்ணீர்

ஆஸ்பத்திரி நடைபாதையின் கடைசியில் ஒரு வாங்கு கிடந்தது. எங்கள் நோய்க்காரர்கள் மட்டும் அதில் உட்காருவார்கள். மாத்தளைக்கு வந்த முதல் வாரம் செல்வியும் நானும் அதில் உட்கார்ந்து, உள்ளங்கையில் வந்திருந்த செம்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவளுக்கு என்னைவிடக் குறைவு. அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

மேகநோய் (உடலுறவால் தொற்றி இரத்தத்தில் பரவும் நோய்) என்றார் டொக்டர். அது வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பக்கத்துப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளர்ந்த பெண்கள், இருவருக்கும் பத்தொன்பது வயது. கொழும்பில் பங்களா வேலை இருக்கிறது என்று ஒருத்தி அழைத்துப் போனாள். போய்ச் சேர்ந்தது பெண்களைப் பூட்டி வைத்து ஆண்களுக்கு விற்கிற வீடு.

மகளைக் காணோம் என்று செல்வியின் அம்மா மாத்தளையில் ஒரு மாதர் சங்கத்தாரிடம் போய் அழுதிருக்கிறாள். அவர்கள்தான் விசாரித்து, பொலிஸோடு வந்து கதவைத் திறக்கவைத்தார்கள். என்னை யாரும் தேடவில்லை. செல்வியைத் தேடியபோது நானும் சேர்ந்து கிடைத்தேன்.

சங்கத்தார் தங்கள் இல்லத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். வஹகோட்டை மாதா கோயில் பெண்கள் துணி தந்தார்கள். டவுன் முஸ்லிம் கடைக்காரர் வீடுகளிலிருந்து அரிசி வந்தது. எங்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே வாய் வலித்துப் போனது.

பெனிசிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டால் அன்று முழுக்க நேராக உட்கார முடியாது. பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். செல்விக்கு முதல் சுற்றிலேயே சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

“ரத்தத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. இன்னொரு தடவை ஊசி போடுவோம்” என்றார் டொக்டர்.

“அவளுக்கு மட்டும் எப்படிங்க சரியாச்சு?”

“ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரிம்மா.”

எனக்கு அவள் உடம்பு வேண்டும்போல் இருந்தது. அவள் அம்மாவும் வேண்டும்போல் இருந்தது. ஞாயிறு தவறாமல் அந்த அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். பாதியை எனக்குத் தருவாள். முழுவதையும் தின்றுவிட்டு, சம்பலில் உப்பு அதிகம் என்பேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புள்ளி மறைந்துவிட்டது என்று ஊசியை நிறுத்தாதீர்கள். இரத்தம் சுத்தம் என்று டொக்டர் சொல்லும்வரை போங்கள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும். அதற்கு மருந்து கிடையாது, அதனால் யாரும் சாவதும் கிடையாது.

செல்வியைக் கூட்டிப்போக வந்த அன்று, அவள் அம்மா ஒரு கட்டு வேப்பிலையோடு வந்தாள். கிணற்றடியில் மகளை உட்காரவைத்து, வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தாள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் அம்மா ஓடி வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“இது அம்மை இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்? என்ன செய்யிறியள்?”

“தெரியுதுங்க. லயத்துல அம்மைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஒடம்புல புள்ளி இருந்துச்சா, எல்லாரும் நம்பிட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தாம கூட்டிட்டுப் போனா நான் சொன்னது பொய்யின்னு ஆயிருங்களே.”

அம்மை இறங்கியவளுக்குத் தலைக்கு ஊற்றித்தான் எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் சேர்ப்பார்கள். ஊற்றிவிட்டால் பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. மேட்ரன் அம்மா உள்ளே போய்த் தலை துவட்ட ஒரு துவாய் கொண்டுவந்து கொடுத்தார்.

மஞ்சள் தண்ணீர் செல்வியின் தலையில் வழிவதை நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “எங்கம்மா லயத்துல என்னைப் பத்தி என்ன சொல்லிச்சு?” என்று கேட்டேன். அதுவரை கேட்டதில்லை.

செல்வியின் அம்மா வாளியைக் கீழே வைத்தாள். “நீ காய்ச்சல்ல செத்துப் போயிட்டேன்னு சொல்லிட்டாங்க புள்ள. கருமாதியும் செஞ்சிட்டாங்க.”

இரண்டு தாய்மாரும் பொய்தான் சொன்னார்கள். செல்வியின் அம்மா சொன்ன பொய்யில் மகள் உயிரோடு இருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் செல்வியின் இரத்தத்தின் மேல் பொறாமை இல்லை, ரொட்டியின் மேலும் இல்லை. அந்தப் பொய்யின் மேல்தான். இன்றுவரை தீரவில்லை.

அடுத்த சோதனையில் என் இரத்தமும் சுத்தம் என்றார்கள். “இனி எங்கை போகப் போறாய், பிள்ளை?” என்று மேட்ரன் அம்மா கேட்டார்.

“செத்தவ எங்கங்க போறது?” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பருப்பைக் கழுவச் சொன்னார். இங்கேயே இருந்துவிட்டேன். புதிதாக மீட்டு வரும் பெண்களை ஊசிக்குக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. தேடி வரும் தாய்மாருக்கு, லயத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் நான்தான். அவர்கள் மகளைக் கட்டிக்கொண்டு அழும்போது அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. ஆனால் இந்த உடம்பின் வயதுதான் எனக்குப் பிடிபடுவதில்லை. அம்மாவின் கணக்கில் பத்தொன்பதோடு நின்றுபோனவள் நான். போன வாரம் தலை சீவும்போது காதோரம் ஒரு வெள்ளை முடியைப் பார்த்தேன். பிடுங்க மனம் வரவில்லை. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது. செத்தவளுக்கு நரைக்குமா?