சுவரில் தட்டி வைத்த பரங்கி விதை

பரங்கி விதை நெருப்பில் வெடிக்கும்போது ஒரு மணம் வரும். நெய்யில் முந்திரி வறுக்கிற மாதிரி, நாக்கில் எச்சில் ஊறவைக்கும் மணம். எனக்கோ அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் அடுப்பை அணைக்க ஓடத்தான் தோன்றும்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் வெறும் செம்புராங்கல் பொட்டலாகக் கிடந்தது. அதில் தன் வைக்கோல் போரைப் போட்டுக்கொள்ள வேண்டுமென்று பெரியப்பாவுக்கு நெடுநாள் ஆசை. ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அங்கே தோட்டம் போட ஆசை. அப்பாவோ அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். கடைசியில் பெரியப்பாவே தீர்ப்புச் சொன்னார்: "பொங்கலுக்கு ஒங்க கொல்லையிலேர்ந்து ஒரு பரங்கிக்காய் வரட்டும், ஒத்துக்கிறேன். வரலையா, மறுநாளே என் வைக்கப்போரு!"

ஆத்தா அன்றைக்கே கோலமாவோடு கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லடியில் வாழை, அதையொட்டிக் கத்தரிப் பாத்தி, கிணற்றோரம் அவரைப் பந்தல், வேலி நெடுகப் பரங்கிக்கு ஐந்து குழி, எனக்காக ஒரு மூலையில் "கனகாம்பரம்" என்று தரையிலேயே தோட்டத்தை வரைந்துவிட்டாள். மறுநாளைக்குள் கத்தரிப் பாத்தி முழுவதையும் எறும்புகள் தின்று தீர்த்திருந்தன. சளைக்காமல் மறுபடி வரைந்தாள். அப்பா கடப்பாரையால் குழி தோண்டிக் கண்மாய் வண்டல் கொட்டினார்.

எங்கள் பக்கம் பரங்கி விதையைச் சாணியில் பொதிந்து, எரிக்கிற "வரட்டி" மாதிரியே சுவரில் தட்டிவிடுவார்கள். பூச்சி அண்டாது, ஆடியில் பிய்த்துக் குழியில் போட்டால் முளைக்கும். ஆத்தாவும் தன் பிறந்த வீட்டு விதையை ஐந்து வரட்டியாக அடுப்படியின் வெளிச்சுவரில், மழை படாத தாழ்வாரத்தடியில் தட்டி வைத்திருந்தாள்.

ஆனிக் கடைசியில் ஆத்தா கீரனூருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். முந்தின நாள் மழையில் அடுக்கி வைத்த வரட்டியெல்லாம் நனைந்து கிடக்க, அப்பாவுக்குக் கஞ்சி வைத்து நல்ல பெயர் வாங்கவேண்டும் என்ற அவசரத்தில், சுவரில் காய்ந்திருந்த ஐந்தையும் பிய்த்து அடுப்பில் வைத்தேன். படபடவென்று வெடித்தது; மணம் வந்தது; அப்புறம்தான் புரிந்தது. தண்ணீரை ஊற்றி அணைத்துப் பார்த்தால் வெறும் கரி.

சொல்ல தைரியம் வரவில்லை. தொழுவத்தில் சாணி அள்ளி, அதே இடத்தில் ஐந்து வரட்டி தட்டி வைத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. சோறு இறங்கவில்லை; காய்ச்சலோ என்று ஆத்தா கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆடி பிறந்ததும் என் வெறும் வரட்டிகளை எடுத்துக் குழியில் புதைத்துவிட்டு, "தெனம் ஒரு செம்பு தண்ணி ஊத்துடி" என்று அந்த வேலையையும் என் தலையில் கட்டினாள். ஒன்றுமில்லாத மண்ணுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றினேன்.

எட்டாம் நாள் காலை ஐந்து குழியிலும் முளை விட்டிருந்தது! ஓவென்று அழுதுவிட்டேன். ஓடிவந்த ஆத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்தாள்.

"தெரியும்டி. நீ தட்டுன வரட்டியில சின்ன வெரலு அஞ்சும் அப்புடியே பதிஞ்சு கெடக்கு. எனக்கா அடையாளம் தெரியாது? அது அடியில எருவாக் கெடக்கு."

"அப்ப இது?"

"ஒங்க பெரியம்மா வீட்டுச் சுவத்து வெதை. சங்கதியச் சொன்னேன், அவுகளே மடியில கட்டிக் கொண்டாந்து குடுத்தாக. நீ பள்ளிக்கூடம் போனப்பெறகு ஊண்டுனேன். பெரியப்பா காதுல போட்டுறாதே!"

பெரியப்பாவின் மனைவியே கொடுத்த விதை! பரீட்சைகள், பிரசவங்கள் என்று எத்தனையோ கண்டம் தாண்டியிருக்கிறேன். அன்றைக்கு இறங்கிய மாதிரி நெஞ்சுப் பாரம் பிறகு இறங்கியதே இல்லை. மூன்று தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

பொங்கலுக்கு முதல் காய் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனது. இலையில் விழுந்த கூட்டை ஒரு வாய் தின்றுவிட்டு, "காயின்னா இது காய்! நீயும் வருசா வருசம் போடுறியே" என்று பெரியம்மாவை இளக்காரமாகப் பார்த்தார். பெரியம்மா இன்னொரு கரண்டி வைத்தார். வைக்கோல் போர் எங்கள் பக்கம் வரவேயில்லை.

அந்த இடத்தில் இப்போது என் தம்பி மகன் வீடு கட்டியிருக்கிறான். மாடு இல்லை, வரட்டி தட்டுவாரும் இல்லை. விதை பாக்கெட்டில் வருகிறது. பெரியப்பா சாகும்வரை தன் தம்பி பெண்சாதியிடம் தோற்றதாகவே நினைத்திருந்தார். சொந்த வீட்டில் தோற்றது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இருவரும் போய்விட்டார்கள். இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மா கோபித்துக்கொள்ளமாட்டார்.