மூன்றாவது முறை இறங்கினேன்

"…இதோட மூணு வாட்டி வண்டிய நிறுத்த சொல்லிட்ட நைனா. எட்டு மணிக்குள்ள போவலைன்னா செக்கிங் முடிஞ்சிடும். என்னை ரேஸ்ல உடமாட்டாங்க" என்றாள் என் மகள் தேவி.

குட்டியானை வேனின் பின்தட்டில் அவளுடைய ரேஸ் கார்ட்டை, அந்தச் சின்னப் பந்தய வண்டியைக் கட்டியிருந்தோம். மணவாள நகர் தாண்டவில்லை, அதற்குள் முடிச்சு அவிழ்ந்திருக்குமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கயிறு உரசாமலிருக்க வைத்த ஈரச் சாக்கின் வாசம் மூக்கில் ஏறியது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வடைக்கு அரைக்க வேண்டும். ரிப்பேருக்குக் கொடுத்த கிரைண்டரை மீஞ்சூரிலிருந்து, மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு கொண்டுவந்தார் எங்கள் நைனா. அதிலும் இதே ஈரச் சாக்கு, கூடவே மீன் கவுச்சி. நூறடிக்கு ஒருதரம் குதித்து முடிச்சை அமுக்கிப் பார்ப்பார்.

"கிரைண்டருக்கு இன்னா கால் கீதாண்ணே, ஓடிப்போவ?" என்றார் வண்டிக்காரர்.

"கண்ணால பாத்தா பத்தாதுபா, தொட்டுப் பாக்கணும்."

வீடு சேர்ந்தபோது, வந்தவர்கள் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா இரண்டு நாள் நைனாவோடு பேசவில்லை.

அதெல்லாம் தெரிந்தும் என் கை முடிச்சை விடவில்லை. தேவி இறங்கி வந்து பின்னால் ஏறினாள். "நானே தொட்டுக்கினு வரேன் நைனா" என்று கார்ட்டில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவர் கேபினைத் தட்டினாள்.